புல்தரைக்குப் பதிலாகப் பிரெய்ரி: ஓர் ஆய்வு வளாகமும் ஒரு நாற்காலித் தொழிற்சாலையும்

சிகாகோவின் மேற்குப் புறநகர்களில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் அலுவலகக் கட்டடங்கள் பெரும்பாலானவற்றைச் சுற்றி ஒரே காட்சிதான் உண்டு. வாகன நிறுத்துமிடம், அதற்கப்பால் ஒட்ட வெட்டிய புல்தரை, மழைநீர் தேங்க வெட்டிய ஒரு குளம், குளக்கரையில் கனடா வாத்துகள், அவற்றின் எச்சம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரந்தோறும் புல்வெட்டும் வண்டி வருகிறது. உரமும் களைக்கொல்லியும் போடப்படுகின்றன. கோடையில் தெளிப்பான்கள் ஓடுகின்றன. இத்தனை செலவுக்குப் பிறகும் அந்தப் புல்லின் மேல் நடப்பவரோ உட்காருபவரோ அநேகமாக எவருமில்லை. அந்தப் புல்லின் பெயர் கென்டக்கி புளூகிராஸ். பெயரில்தான் கென்டக்கி இருக்கிறது, பூர்வீகம் ஐரோப்பாவும் ஆசியாவும்.

இதைக் கைவிட்டு அந்த மண்ணுக்கே உரிய பிரெய்ரியின், அதாவது மரங்கள் அரிதான இயற்கைப் புல்வெளியின், புற்களையும் பூஞ்செடிகளையும் வளர்க்கலாம் என்ற யோசனையைக் கட்டட நிர்வாகிகளிடம் கொண்டு செல்பவர்கள், "ஒருமுறை விதைத்தால் போதும், பிறகு பராமரிப்பே தேவையில்லை" என்று சொல்லி விற்பது வழக்கமாகிவிட்டது. இதில் பாதி உண்மை. பொய்யான மறுபாதி முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே வெளிப்பட்டு, பல இடங்களில் நான்காம் ஆண்டு பழைய புல்தரையே திரும்பி வந்துவிடுகிறது. எது உண்மை, எது பொய் என்பதை அறிய நீண்ட காலப் பதிவுள்ள ஓர் இடத்தைப் பார்ப்பது நல்லது. அதற்காகவே இலினாய் மாநிலத்தின் பட்டேவியாவில் உள்ள துகள் இயற்பியல் ஆய்வு நிலையமான பெர்மி தேசிய ஆய்வுக்கூடத்தின், அதாவது பெர்மிலாப்பின், வளாகத்தை இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அது வணிகக் கட்டடம் அன்று என்பது தெரிந்ததே. ஆனால் அங்கே 1975 இல் தொடங்கிய பிரெய்ரி மீட்பு வேலை கற்றுத்தந்ததைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வங்கிக் கட்டடத்தின் முன் அரை ஏக்கரில் இறங்குவது வீண்செலவு. ஆரோராவில் உள்ள பாலாஜி கோயிலுக்குச் சென்று வரும் தமிழர்களுக்கு இந்த வளாகம் காரில் சிறிது நேரத் தொலைவுதான். பலர் அதைக் கடந்து போயிருப்பார்கள்.

தொலைந்த நிலம்

இலினாய்க்குப் 'பிரெய்ரி மாநிலம்' என்ற செல்லப்பெயர் உண்டு. ஐரோப்பியர் குடியேறும் முன் அங்கே ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் உயரப்புல் பிரெய்ரி இருந்தது. இன்று கலப்படமில்லாமல் எஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1837 இல் அதே மாநிலத்தின் கிராண்ட் டீடூர் என்ற ஊரில் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பையைச் செய்தார். பிரெய்ரியின் ஒட்டும் கரிசல் மண் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொள்ளும். எஃகில் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் பிரெய்ரி மக்காச்சோள வயலாகிவிட்டது. கலப்பை தொடாமல் மிஞ்சியவற்றில் முக்கியமானவை இரண்டு வகை இடங்கள்: இரயில் பாதைகளின் ஓரங்கள், குடியேறியவர்களின் பழைய கல்லறைத் தோட்டங்கள். இறந்தவர்களுக்காக ஒதுக்கிய நிலத்தை எவரும் உழவில்லை என்பதால் அதன் தாவரங்களும் பிழைத்தன.

வடகிழக்கு இலினாய் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் ராபர்ட் பெட்ஸ் இந்தக் கல்லறைகளையும் இரயில் ஓரங்களையும் ஆண்டுக்கணக்கில் தேடித் திரிந்தவர். 1970களின் நடுவில், துகள் முடுக்கியின் வளையத்துக்குள் அடங்கிய நிலத்தில் பிரெய்ரியை மீட்கலாம் என்ற யோசனையோடு அவர் பெர்மிலாப்பின் இயக்குநர் ராபர்ட் வில்சனைச் சந்தித்தார். வளையத்தின் சுற்றளவு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உள்ளே இருந்தது பழைய பண்ணை நிலம். எவ்வளவு காலம் ஆகும் என்று வில்சன் கேட்டதற்கு, ஐந்து ஆண்டு ஆகலாம், பத்தாகலாம், இருபதோ அதற்கு மேலோகூட ஆகலாம் என்று பெட்ஸ் பதில் சொன்னார். அப்படியானால் இன்று பிற்பகலே தொடங்கிவிடலாமே என்றாராம் வில்சன். சிற்பியும் இயற்பியலாளருமான அவர், ஆய்வுக்கூடம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே, 1969 இல், ஒரு காளையும் நான்கு பசுக்களுமாக ஐந்து காட்டெருமைகளை அங்கே கொண்டுவந்து வைத்தவர். கதிர்வீச்சு கசிந்தால் முதலில் சாவதற்காகத்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஒரு கதை உலவியது. அது வெறும் கதை.

விதைப்பின் வரிசை

பெர்மிலாப்பின் முக்கியப் பாடம் வரிசையைப் பற்றியது. எஞ்சியிருந்த பிரெய்ரித் துண்டுகளிலிருந்து தன்னார்வலர்கள் கையால் பறித்துச் சேர்த்த விதைகளைக் கொண்டு 1975 இல் முதல் பாத்தி விதைக்கப்பட்டது. பழைய உழவு நிலத்தில் களை விதைகள் கோடிக்கணக்கில் புதைந்து கிடக்கும். எல்லா இனங்களையும் ஒரே நாளில் தூவிவிட்டால் அந்தக் களைகளோடு போட்டியிட்டுப் பிழைப்பவை சில முரட்டு இனங்கள் மட்டுமே. அருமையானவை முளைத்தும் முளைக்காமலும் அழிந்துவிடும். இதைக் கண்ட பெட்ஸ், முதலில் எந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் இனங்களை மட்டும் விதைத்து அடர்ந்த ஒரு புல்வலையை உருவாக்க வேண்டும் என்றும், அந்த வலை களைகளை நெரித்து, தீ வைக்கும் அளவுக்குக் காய்ந்த புல்லையும் தந்த பிறகு அடுத்த கட்ட இனங்களையும், மண் பக்குவப்பட்டதும் மிக நுட்பமான இனங்களையும் சேர்க்க வேண்டும் என்றும் முறைப்படுத்தினார். பின்னாளில் முதிர்ந்த பாத்திகளில் கதிரறுக்கும் இயந்திரத்தை ஓட்டி விதை சேர்க்கும் அளவுக்கு அந்த நிலம் பெருகியது. இன்று அந்த வளாகத்தில் மீட்கப்பட்ட பிரெய்ரி ஏறத்தாழ 1,000 ஏக்கர். இலையுதிர் காலத்தில் பொதுமக்கள் கூடி விதை பறிப்பது இன்றும் நடக்கிறது.

ஆகஸ்டு மாதத்தில் அங்குள்ள பாதையில் நடந்தால் முதல் கட்ட இனங்களின் வலு கண்கூடாகத் தெரியும். பிக் புளூஸ்டெம் என்ற புல் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. அதன் கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழியின் கால் போலிருக்கும். அதன் நடுவே காம்பஸ் செடி. வெட்டுவெட்டான அகன்ற இலைகளின் விளிம்புகள் வடக்கும் தெற்குமாகத் திரும்பி, உச்சிவெயில் இலைப்பரப்பில் நேராக விழாதபடி நிற்கின்றன. தரைக்கு மேலே தெரிவதைவிடக் கீழே இருப்பது அதிகம். அதன் ஆணிவேர் பத்தடிக்கும் கீழே போகக்கூடியது. அருகிலேயே மொனார்டா, இலையைக் கசக்கி முகர்ந்தால் துளசிக்கும் ஓமவல்லிக்கும் உறவு என்பது மூக்குக்கே தெரிந்துவிடும்.

இந்த வரிசையை அப்படியே ஓர் அலுவலகக் கட்டடத்தின் முன் செய்ய முடியாது. செய்யவும் கூடாது. ஏழடிப் புல் பெயர்ப்பலகையை மறைக்கும். வாகனம் திரும்பும் இடத்தில் ஓட்டுநரின் பார்வையையும் மறைக்கும். மழை பெய்து காற்றடித்தால் நடைபாதையின் மேல் சாயும். அதோடு, பிக் புளூஸ்டெம்மும் சுவிட்ச்கிராஸ் என்ற மற்றோர் உயரப்புல்லும் விதைக் கலவையில் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் பத்தாண்டுகளில் பூஞ்செடிகளை எல்லாம் விழுங்கிவிட்டுத் தாங்கள் மட்டும் நிற்கும்; பழைய மீட்புப் பணிகள் பலவற்றின் குறை இதுதான். எனவே கட்டடத்தை ஒட்டிய பகுதிக்கு இரண்டு மூன்று அடிக்கு மேல் வளராத லிட்டில் புளூஸ்டெம்மும் பிரெய்ரி டிராப்சீடும் பொருத்தம். முன்னது இலையுதிர் காலத்தில் செம்பு நிறமாகி அந்த நிறத்திலேயே பனிக்காலம் முழுவதும் நிற்கும். பின்னது நீரூற்றுப் போல வளைந்து விழும் மெல்லிய புல். பூக்கும் நாள்களில் அதிலிருந்து வரும் வாசனை கொத்தமல்லியை நினைவூட்டும். டிராப்சீட் விதையிலிருந்து வருவது கடினம் என்பதால் வாசலருகே நாற்றாக நடுவதும், தொலைவில் உள்ள பெரும்பரப்பில் மட்டும் விதை தூவுவதும் செலவுக்கும் பலனுக்கும் ஏற்ற பிரிவினை.

முதல் மூன்று ஆண்டுகள்

கட்டடம் கட்டிய இடத்து மண் வயல் மண் அன்று. மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, கனரக வாகனங்கள் மாதக்கணக்கில் ஓடி இறுக்கிய அடிக்களிமண்தான் பெரும்பாலும் கிடைக்கும். இதைக் கண்டதும் நல்ல மேல்மண்ணும் உரமும் வாங்கிக் கொட்டுவதுதான் ஒப்பந்தக்காரர்கள் செய்யும் முதல் தவறு. தழைச்சத்து மிகுந்த மண்ணில் முதலில் கொழிப்பவை களைகள். பிரெய்ரி இனங்கள் பலவோ வறிய மண்ணையும் தாங்குபவை. இறுகிய மண்ணைக் கீறி இளக்குவது போதும். பழைய புல்தரை இருந்தால் அதை முழுமையாகச் சாகடிக்க வேண்டும். களைக்கொல்லியை ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை இடைவெளி விட்டுத் தெளிப்பதோ, சிறு பரப்பாயின் கோடை முழுவதும் கறுப்பு பிளாஸ்டிக் விரித்து மூடிவைப்பதோ வழி. இந்த ஒரு பருவத்தை மிச்சப்படுத்த நினைத்தவர்கள் அடுத்த ஐந்து ஆண்டுகளைக் களை பிடுங்குவதில் கழிக்கிறார்கள்.

பூஞ்செடிகளின் விதைகளில் பல, ஈரமான குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் முளைக்கும். ஆகவே நவம்பரில், மண் உறையும் முன், விதைத்துவிட்டால் பனிக்காலமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஏக்கருக்குச் சுமார் பத்து பவுண்டு விதை. அதோடு மண்ணைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் ஓட்ஸ். அடுத்த வேனிலில் அங்கே காணப்படுவது களை மட்டுமே. பிரெய்ரிச் செடி முதல் ஆண்டில் விரல் நீளத்துக்கு இரண்டு மூன்று இலை விட்டுவிட்டு, மற்ற வலுவையெல்லாம் வேருக்குக் கொடுத்துவிடும். முதல் ஆண்டு உறக்கம், இரண்டாம் ஆண்டு தவழல், மூன்றாம் ஆண்டு தாவல் என்று அங்குள்ள தோட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். களை ஓரடி உயர்ந்ததும் அதை அரையடிக்கு வெட்டி, அடியில் இருக்கும் நாற்றுகளுக்கு வெளிச்சம் தர வேண்டும். முதல் ஆண்டு மூன்று நான்கு முறை, இரண்டாம் ஆண்டு ஒன்றிரண்டு முறை. ஆக, புல்வெட்டும் வண்டி உடனே ஓய்வு பெற்றுவிடுவதில்லை.

இங்கேதான் பணி கவிழ்கிறது. முதல் கோடையில் கட்டடத்தில் வேலை செய்பவர்களின் கண்ணுக்கு அது கைவிடப்பட்ட மனையாகத் தெரிகிறது. பல நகராட்சிகளில் களை எட்டு அல்லது பத்து அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது என்ற விதி இருப்பதால் அறிவிப்புக் கடிதமும் வருகிறது. கூலிக்கு வந்த தொழிலாளருக்கு நாற்றையும் களையையும் பிரித்தறியத் தெரியாவிட்டால், காம்பஸ் செடியின் முதல் இலையைத் திஸில் முள்செடி என்று நினைத்து மருந்தடித்துவிடுவார். ஆகவே ஒப்பந்தத்தின் கனம் விதையின் விலையில் இல்லை. முளைக்குருத்தைப் பார்த்தே இனம் சொல்லத் தெரிந்த ஒருவர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்து பார்ப்பாரா என்பதில்தான் இருக்கிறது. அவர் முக்கியமாகத் தேட வேண்டியது வெள்ளை ஸ்வீட் குளோவர். ஈராண்டுச் செடியான அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும். தீ வைத்தால் அழிவதற்குப் பதிலாக அந்தச் சூட்டில் விழித்து முளைக்கும். இரண்டாம் ஆண்டில் பூக்கும் தறுவாயில் அடியோடு வெட்டினால்தான் அது ஒழியும்.

தீ

உயரப்புல் பிரெய்ரி தீயோடு வளர்ந்த நிலம். மின்னலும், அதைவிட அதிகமாக அந்த மண்ணின் பூர்வகுடிகளும் வைத்த தீ, மரக்கன்றுகள் தலையெடுக்காமல் பார்த்துக்கொண்டது. பிரெய்ரிப் புல்லின் வளர்முனை தரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. குளிர்காலம் முடிந்த உடனேயே பச்சை பிடித்துவிடும் ஐரோப்பியப் புற்களுக்கோ ஏப்ரலில் வைக்கும் தீ நேரடி அடி. எரிந்து கறுத்த நிலம் வெயிலை வாங்கிச் சீக்கிரம் சூடேறுவதால், சில வாரங்களுக்குள் கரியைக் கீறிக்கொண்டு செந்நீலக் குருத்துகள் எழுகின்றன. பெர்மிலாப்பில் பயிற்சி பெற்ற குழுவினர் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் இதைச் செய்கிறார்கள். பூச்சிகளின் முட்டையும் கூட்டுப்புழுவும் தண்டுகளில் குளிர்காலத்தைக் கழிப்பதால் முழுப் பரப்பையும் ஒரே ஆண்டில் எரிப்பது தகாது. பகுதி பகுதியாகத்தான் எரிக்க வேண்டும்.

வணிகக் கட்டடத்தைப் பொறுத்தவரை தீயைப் பற்றிய அச்சம் நியாயமானதே. மாநில அனுமதி, தீயணைப்புத் துறைக்கு முன்னறிவிப்பு, புல்லை ஒட்ட வெட்டி அமைத்த தடுப்புப் பட்டை, காற்றின் திசை, அன்றைய ஈரப்பதம் ஆகிய அனைத்தும் கூடிவர வேண்டும். கட்டடத்தின் குளிர்சாதன அமைப்பு வெளிக்காற்றை இழுக்கும் வாயை மூடி வைக்க வேண்டும். கண்ணாடிச் சுவரிலிருந்து இருபதடியில் இருக்கும் பாத்தியில் இது சரிப்படாது. அங்கே பிப்ரவரி முடிவில் காய்ந்த தண்டுகளை வெட்டி, வெட்டியதை அள்ளி அப்புறப்படுத்திவிட்டால் தீயின் பலனில் கணிசமான பங்கு கிடைத்துவிடுகிறது. அள்ளாமல் விட்டால் பயனில்லை. வாகன நிறுத்துமிடத்தின் ஓரம் வேறொரு சிக்கல்; பனியை உருக்க இடும் உப்பு மூன்று நான்கு அடி உள்ளே வரை தெறிக்கும். அந்தப் பட்டையில் உப்பைத் தாங்கும் சுவிட்ச்கிராஸ் போன்றவற்றை மட்டும் வைப்பது விவேகம்.

ஓரத்தை வெட்டுதல்

காட்டுத்தனமாகத் தெரியும் நடவை மக்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், இதை யாரோ கவனித்துக்கொள்கிறார்கள் என்பதற்கான அறிகுறி கண்ணில் பட வேண்டும் என்று நிலத்தோற்றக் கலை அறிஞர் ஜோன் நசாவர் 1995 இல் எழுதினார். இந்தத் துறையில் அதைவிடப் பயனுள்ள அறிவுரையை நான் படித்ததில்லை. நடைபாதையை ஒட்டி ஆறடி அகலத்துக்கு ஒழுங்காக வெட்டிய புல், நேரான விளிம்பு, ஒரு சிறு அறிவிப்புப் பலகை, உட்கார ஒரு பெஞ்சு: இவை இருந்தால் அதே செடிகள் தோட்டமாகத் தெரிகின்றன, இல்லாவிட்டால் புதராகத் தெரிகின்றன. வெட்டிய ஓரம் உண்ணிப் பூச்சிகள் மனிதர்மேல் தொற்றாமல் தள்ளி நிறுத்தவும் உதவும். குளக்கரையில் மட்டும் எந்த விளக்கமும் தேவைப்படுவதில்லை. கனடா வாத்துக்குக் குட்டைப் புல்லும், நாலாபக்கமும் தெரியும் கரையும் வேண்டும். இடுப்பளவு புல் நின்றால், அதில் எந்த விலங்கு பதுங்கியிருக்குமோ என்று அது வேறு குளத்தைத் தேடிப் போகிறது. நிர்வாகிகள் பலர் பிரெய்ரிக்குச் சம்மதிப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே என்றால் அது மிகையன்று.

செப்டம்பரில் ஒரு புகார் தவறாமல் வரும்: மஞ்சளாகப் பூத்த கோல்டன்ராட் செடியால் தும்மல் வருகிறது என்று. அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது, பூச்சியின் காலில் ஒட்டிப் போவது, காற்றில் பறக்காது. அதே நாள்களில் கண்ணில் படாத பச்சைப் பூ பூத்துக் காற்றில் மகரந்தத்தை இறைப்பது ராக்வீட் என்ற களை. மில்க்வீட் செடியை வைத்தால் புகாருக்குப் பதில் ஆள் கூடுகிறார்கள். கிள்ளினால் பால் வடியும் அது நம் எருக்கின் நெருங்கிய உறவு. ஊரில் எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியனைப் போலவே, அதே பேரினத்தைச் சேர்ந்த மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு அங்கே மில்க்வீட்டை மட்டுமே தின்று வளர்கிறது.

நாற்காலித் தொழிற்சாலையின் குளவிகள்

வணிகக் கட்டடத்தில் என்ன நேரும் என்பதற்கு மிச்சிகன் மாநிலத்தின் ஹாலந்து நகரில் அலுவலக நாற்காலிகள் செய்யும் ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1995 இல் திறந்த 'கிரீன்ஹவுஸ்' நல்ல சான்று. வில்லியம் மெக்டொனோவின் நிறுவனம் வடிவமைத்த இந்தக் கட்டடம் சுமார் 2,95,000 சதுர அடி. அலுவலகமும் உற்பத்திக் கூடமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது. சுற்றிலும் புல்தரைக்குப் பதிலாகக் காட்டுப்பூக்களும் நெடும்புற்களும், மழைநீரைத் தாங்கிச் சுத்திகரிக்கும் சதுப்புக் குட்டைகளும் அமைக்கப்பட்டன. வெட்டும் செலவையும் நீர்ச் செலவையும் குறைப்பதே நோக்கம். ஆனால் கட்டடத்தில் காகிதக் குளவிகள் கூடு கட்டித் தொல்லை கொடுக்கத் தொடங்கின. பூச்சிக்கொல்லி தெளித்தால் பூச்செடிகளை வைத்ததன் பொருளே போய்விடும். நிறுவனம் 2000 ஆம் ஆண்டு பன்னிரண்டு பெட்டிகளில் ஆறு லட்சம் தேனீக்களைக் கொண்டுவந்து வைத்தது. பூக்களுக்கான போட்டியில் குளவிகள் பின்வாங்கின. கிடைத்த தேனைச் சிறு புட்டிகளில் அடைத்து விருந்தினர்களுக்குக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டுமே சொல்வது வழக்கம். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. பெட்டிகளில் வளர்க்கும் இந்தத் தேனீ அமெரிக்க மண்ணுக்கு உரியதன்று. ஐரோப்பியக் குடியேறிகள் கப்பலில் கொண்டுவந்தது. நாட்டுப் பூக்களை நட்டு, அவற்றையே நம்பியிருக்கும் நாட்டுத் தேனீக்களுக்குப் போட்டியாக ஆறு லட்சம் வெளியூர்த் தேனீக்களை இறக்குவது, குளவித் தொல்லையைத் தீர்த்தாலும், பெட்ஸ் கல்லறைகளில் தேடிய பொருளோடு ஒத்துப்போகாது. இன்று அதே சிக்கல் வந்தால், கூரை விளிம்புகளிலும் சன்னல் சட்டங்களிலும் உள்ள இடுக்குகளை அடைத்து, ஏப்ரலில் அரசிக் குளவி தனியாகக் கூடு கட்டத் தொடங்கும்போதே அதைத் தட்டிவிடுமாறு கட்டடப் பராமரிப்பாளரிடம் சொல்வேன். பூப்பாத்தியை வாசலிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளித் தொடங்கி, இடைப்பட்ட இடத்துக்குப் பூச்சிகளை அவ்வளவாக ஈர்க்காத டிராப்சீட் புல்லை வைப்பேன். அந்தப் புல் நன்கு பற்றிக்கொள்ளவும் மூன்று ஆண்டுகள் வேண்டும்.